ஊர் எண்ணை விட்டுவிடாதே

வில்லாபுரம், மதுரை

அன்புள்ள மருமகனுக்கு,

துபாய்க்குக் கிளம்பும் உனக்குப் பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று சொல்ல வீட்டில் ஆள் நிறைய உண்டு. நான் சொல்ல வந்தது உன் போனில் இருக்கும் சிம்மைப் பற்றி. இறங்கியதும் எத்திசலாத்திலோ டூவிலோ புது எண் வாங்கிக்கொள்ளலாம், வீட்டோடு வாட்ஸ்ஆப்பில் பேசலாம், பிறகு ஊர் எண்ணுக்கு ரீசார்ஜ் எதற்கு என்றுதான் வெளிநாடு போகிற பிள்ளைகள் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. பேசுவதற்கு மட்டுமே போன் எண் இருந்த காலம் போய்விட்டது. வங்கி, ஆதார், வருமான வரி என்று எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013-இல் வகுத்த விதிப்படி, ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டு, இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போய்விட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். உன் கணக்குக்கான செய்தி முன்பின் தெரியாத ஒருவர் போனில் வந்து விழும். துபாயில் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

வாட்ஸ்ஆப் இருக்கிறதே என்பாய். அமீரகத்தில் அதில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம். அழைத்துப் பேசுவதற்குத்தான் தடை. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலி வேண்டும், அதை அம்மாவின் போனிலும் போட்டுப் பழக்கிவிட்டுத்தான் நீ கிளம்ப வேண்டும். அறையில் இருப்பவர்கள் விபிஎன் போட்டுப் பேசச் சொல்வார்கள், எல்லோரும் செய்கிறார்கள் என்றும் சொல்வார்கள். கேட்காதே. விபிஎன் வைத்திருப்பதே குற்றம் இல்லைதான். ஆனால் அதை வைத்துக் குற்றம் செய்தாலோ, செய்ததை மறைத்தாலோ 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. தடுக்கப்பட்ட அழைப்பு அதில் அடங்குமா அடங்காதா என்பதை உன் சம்பளத்தைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆன நாளிலும் ஆட்கள் வளைகுடாவில் பிழைத்தார்கள், இதற்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. அன்று போன் போனால் பேச்சு மட்டும்தான் போகும். இன்று கையில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் போகும். இன்னொரு கேள்வி நியாயமானது: வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஐ கணக்கில் அமீரக எண்ணையே யுபிஐக்குப் பதியலாமே? பதியலாம், 2023 முதல் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் உன் சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ ஆக மாற வேண்டும், அல்லது என்ஆர்இ கணக்கு தொடங்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் சாதாரணக் கணக்கை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. அது முடியும்வரை ஊர் எண்தான் துணை. முடிந்த பிறகும் ஆதாருக்கு அது வேண்டும்.

ஆகவே இரண்டு சிம் போடுகிற போனாக எடுத்துக்கொள். ஊர் சிம்மில் ரோமிங்கை இங்கிருந்தே திறந்துவை, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடு. குறுஞ்செய்தி பெறப் பெரும்பாலும் காசு பிடிப்பதில்லை. நம் நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, நீ இரவு ஒன்பதுக்கு அழைத்தால் அம்மாவுக்குப் பத்தரை. அதற்குத் தக்கபடி நேரத்தைப் பேசி வைத்துக்கொள். போனே தொலைந்தாலும் கைகொடுக்க, துபாயில் இந்தியத் தொழிலாளர்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 800 46342-ஐயும் அம்மாவின் எண்ணையும் தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வை.

அன்புடன்,
மாமா