பயணம் புறப்படுமுன்: இப்னு பதூதா நம் மண்ணில் கண்டது



திருவண்ணாமலையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படும் இளைஞர்கள், ஜும்ஆ முடிந்ததும் துஆ செய்யச் சொல்லி நிற்பதுண்டு. கையில் விசா இருக்கும், முகத்தில் கொஞ்சம் பயமும் இருக்கும். அப்படிப் புறப்படுகிற உங்களுக்காகத்தான் இன்று இப்னு பதூதாவைப் பற்றிப் பேசுகிறேன்.

1304ல் மொராக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்தவர். 1325ல், 21 வயதில், ஹஜ்ஜுக்காகத் தனியே கிளம்பினார். தூனிஸ் நகரை அடைந்தபோது மற்றவர்களை வரவேற்க ஆட்கள் வந்திருந்தார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. அழுதுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். லேபர் கேம்ப்பின் முதல் இரவில் உங்களுக்கும் கண் கலங்கினால் வெட்கப்பட வேண்டாம்.

1344 வாக்கில் இலங்கையிலிருந்து வந்த அவருடைய கப்பல், அரபிகள் மஅபர் என்று அழைத்த நம் தமிழகக் கரையருகே சேதமடைந்தது. விடிந்ததும் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அதையும் அவர் மறைக்கவில்லை.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன். இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. டெல்லியில் இவர் மணந்த பெண்ணின் சகோதரியைக் கட்டியவர். ஆள் அனுப்பி அழைத்து உபசரித்தார்.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. பெரிய கோயிலில் வல்லாள கோபுரம் இருப்பதும், மாசியில் பள்ளிகொண்டாப்பட்டில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடப்பதும் உங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்த ஹொய்சள மன்னரைப் போரில் பிடித்து, விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு கொன்றவர் இந்தச் சுல்தான்தான். மன்னரின் உடலுக்கு நேர்ந்த அவமதிப்பை மதுரைக் கோட்டைச் சுவரில் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார். பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதை இழிசெயல் என்றே கண்டித்தார். அதனால்தான் அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் சொன்னார்.

அவரை முழுக்கப் புகழவும் முடியாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், கண்ணெதிரே ஒரு சிறுவன் பெற்றோருடன் கொல்லப்பட்டபோது, இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் திறந்தது ஊர் திரும்பிய பிறகு, 1355ல் முடிந்த பயண நூலில்தான். ஆனாலும் திறந்தார். உறவு, உண்ட சோறு, ஒரே மார்க்கம் என்று எதையும் காரணம் காட்டி மூடி மறைக்கவில்லை. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் கேட்பது இதைத்தானே?

நாளை உங்களுக்கு வேலை வாங்கித் தருபவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். பெருநாளன்று அவர் வீட்டு பிரியாணியைச் சாப்பிட்டிருப்பீர்கள். அவரே ஒரு நேபாளியின் ஓவர்டைம் மணிக்கணக்கைக் குறைத்து எழுதி, உங்களிடம் கையெழுத்துக்கு நீட்டலாம். அப்போது என்ன செய்வீர்கள் என்பதை விமானம் ஏறும் முன்பே, இங்கே வீட்டில் உட்கார்ந்து, முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போனபின் யோசிக்க அவகாசம் இருக்காது.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்குவானாக. ஆமீன்.