நாமக்கல் மலையைப் பார்க்கப் போகிற கயல்விழிக்கு

அன்புள்ள கயல்விழி,

நாமக்கல்லுக்குப் போகிறேன், ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். புத்தகம் இருக்கட்டும், முதலில் மலைக்குப் போ. யார் எதைச் சொன்னாலும் 'இது எப்படித் தெரியும்?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள். தஞ்சாவூரில் இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் ஆயுள் போதாது, அத்தனை கல்வெட்டுகள். நாமக்கல்லில் இருநூறு அடிக்குமேல் உயர்ந்த ஒற்றைப் பாறை. மேற்கே குடைவரையில் நரசிம்மர், கிழக்கே குடைவரையில் ரங்கநாதர், உச்சியில் கோட்டை. சான்றும் கதையும் கூப்பிடு தூரத்தில் கிடப்பதால், வரலாறு பழக இதைவிடத் தோதான இடம் நம் பக்கத்தில் இல்லை என்பது என் கட்சி.

கோட்டையில் தொடங்கு. மதில் கல்லும் மலைக் கல்லும் ஒரே வெளிறிய நிறம். மதிலின் உடம்பில் சுண்ணாம்புச் சாந்து இல்லை. கல் தன் கனத்தாலேயே நிற்கிறது. மேலே கைப்பிடிச் சுவரில்தான் சாந்து. இனிக் காலடியில் பார்: பாறையில் ஆப்பு இறக்கிப் பிளந்த தடங்கள் அங்கங்கே தெரியும். மலையே கல்குவாரியாக இருந்திருக்கிறது என்று நீயே தீர்மானித்துவிடலாம். ஆனால் கட்டியது யார் என்பதைக் கல் சொல்லாது. சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு மரபு, மைசூர் அதிகாரி லட்சுமிநரசய்யா என்று இன்னொன்று. ஊரில் பலருக்கு அது திப்பு கோட்டை. இங்கே ஆண்டுகள் கைகொடுக்கும். 1768-ல் கர்னல் வுட்டின் ஆங்கிலப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டில் ஹைதர் அலியிடம் இழந்தது. திப்பு அரியணை ஏறியது 1782-ன் கடைசியில். ஆகவே அவர் கட்டிய கோட்டை என்பது நிற்காது; 1792 உடன்படிக்கையில் இந்தச் சீமை கும்பெனிக்குப் போகும்வரை அவர் கையில் இருந்த கோட்டை என்பது நிற்கும். யார் கட்டினால் நமக்கென்ன என்பாய். பாளையக்காரர் கட்டியதென்றால் ஓர் உள்ளூர்த் தலைவர் தன் சீமையைக் காத்துக்கொள்ளக் கட்டியது. மைசூர்க்காரர் கட்டியதென்றால் திருச்சிப் பாதையைக் கண்காணிக்க வெளியிலிருந்து வந்த அரசு போட்ட காவல். அதே மதில்தான், ஊரின் கதை வேறாகிவிடும்.

அப்படியானால் கோயிலில் சொல்லும் கதைகளைத் தள்ளிவிட வேண்டுமா? ஆஞ்சநேயர் கொண்டுவந்த சாளக்கிராமம் கீழே வைத்ததும் எடுக்க முடியாமல் மலையாக வளர்ந்தது என்பார்கள். பாறை எப்படி உண்டானது என்பதற்கு அது சான்றல்ல, சரி. ஆனால் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் ஏன் கூரையில்லாமல் வெட்டவெளியில் நரசிம்மரைப் பார்த்து நிற்கிறார் என்று கேட்டால், ஊர் தருகிற விடை அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது: வளர்ந்துகொண்டே போகிற மலைக்குக் கூரை இல்லாதபோது தனக்கெதற்கு என்று விட்டாராம். கதையை அது பிறந்த காலத்து மனிதர்களுக்குச் சாட்சியாக வை, பாறைக்குச் சாட்சியாக வைக்காதே. ரங்கநாதர் குடைவரைக் கல்வெட்டு வேறு வகை. அதியர் குலத்துக் குணசீலன் என்ற மன்னனின் பெயரும், 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று குடைவரையின் பெயரும் அதில் இருக்கின்றன; எட்டாம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் கணிப்பு. கிரந்த எழுத்தில் இருப்பதை நான் எப்படிப் படிப்பேன் என்று தயங்காதே. படித்தவர்கள் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். சங்கப் பாட்டில் வருகிற தகடூர் அதியமானின் குலப்பெயர், பல நூற்றாண்டு கழித்து நாமக்கல்லில் ஒரு பாறையில் ஏன் வருகிறது என்று யோசிக்கக் கிரந்தம் தெரிய வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பியபின் ரிச்சர்ட்ஸ் 1918-ல் வெளியிட்ட சேலம் மாவட்ட கெசட்டியரை நூலகத்தில் கேட்டுப் பார். வெள்ளைக்கார அதிகாரி எழுதியது என்பதால் ஒதுக்கவும் வேண்டாம், அச்சில் இருக்கிறது என்பதால் நம்பவும் வேண்டாம். அதையும் அதே கேள்வி கேள். மலைக்கு விடியக்காலையில் ஏறிவிடு, வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். மதியம் நடை சாத்துவதற்குள் இறங்கி வந்தால் இரண்டு குடைவரையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா