காசில்லா வைஃபை: நம் பக்கத்துக்குச் சில குறிப்புகள்

சாயங்காலமே "இன்றைய டேட்டா தீர்ந்தது" என்று மெசேஜ் வருகிறதா? காட்பாடி, வேலூர், ஆம்பூர் என்று அலையும் நமக்கு இவை கைகொடுக்கும்.

1. காட்பாடி ஜங்ஷனில் ரயில் லேட்டா? போனில் 'ரயில்வயர்' என்ற வைஃபையைத் தொட்டு, நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டால் தினமும் அரை மணி நேரம் இலவசம். லைனில் உள்ள சின்ன ஸ்டேஷன்களிலும் தேடிப் பாருங்கள்.

2. அந்த அரை மணியில் வேகம் 1 எம்பிபிஎஸ்தான். கணக்குப் போட்டால் சுமார் 200 எம்பி இறங்கும். சினிமாவுக்குப் போதாது. பிள்ளைகளின் பாடப்புத்தகம், பழைய வினாத்தாள் பிடிஎஃப்களுக்குத் தாராளம். முதல் வேலையாக ஆப்களின் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மொத்தத்தையும் அதுவே குடித்துவிடும்.

3. வைஃபைக்காகவே ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்! பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய். 2021-ல் ரயில்வயர் அறிவித்த கட்டணத்தில் ஒரு நாளைக்கு 5 ஜிபியே 10 ரூபாய்தான். சீசன் டிக்கெட்டில் கம்பெனிக்குப் போய்வருகிறவர்களுக்குத்தான் உண்மையான லாபம்.

4. டீக்கடை, மளிகைக்கடை வாசலில் 'பிஎம் வாணி' போர்டு தெரிந்தால் விசாரியுங்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்த திட்டம். சின்னக் கடைக்காரரும் வைஃபை விற்கலாம். இலவசம் இல்லை, ஆனால் சில்லறைக் காசில் முடியும்.

5. வேலூர்க் கோட்டைப் பக்கம் பூங்காவுக்குக் கிளம்பும் முன், வேண்டியதை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வெயிலில் ஸ்கிரீனும் தெரியாது, சார்ஜும் இறங்கும்.

6. பூட்டு இல்லாத வைஃபையில் பிஎஃப் பாஸ்புக், ஜிபே, பேங்க் எதுவும் வேண்டாம். அதற்குச் சொந்த டேட்டாவே நல்லது. 'ஃப்ரீ வைஃபை' என்று மொட்டையாகப் பெயர் வந்தால் தொடவே தொடாதீர்கள்.

7. நூலகத்தில் பேப்பர் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை; கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனியுங்கள். வைஃபை உண்டா என்று நூலகரிடமே கேளுங்கள். இல்லையென்றால் வாசகர் வட்டம் மூலம் மனு கொடுங்கள். 1948-ம் வருடச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கேட்பதில் என்ன கூச்சம்?