எட்டா, பதினாறா: வெங்காயத்தில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி?

மைட்டாசிஸ், மியாசிஸ் படங்களை நோட்டில் அழகாக வரைபவர்கள்கூட மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் தடுமாறுகிறார்கள். காரணம், அவர்கள் வடிவத்தைத் தேடுவதுதான். கட்டைவிரலால் நசுக்கிய செல்லில் எந்தக் குவியலும் மெட்டாஃபேஸ் போலத் தோன்றும். வடிவத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கள். வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16, சின்ன வெங்காயத்துக்கும் அதே 16. வேர்நுனியில் நடக்கும் மைட்டாசிஸில் ஒவ்வொரு துருவத்துக்கும் 16 போகும். மகரந்தத் தாய்செல்லில் அந்த 16ம் ஜோடி சேர்ந்து 8 பைவேலன்டாக நிற்கும். முதல் பிரிவில் ஜோடிகள் பிரிந்து துருவத்துக்கு 8 வீதம் போகும்போது, ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்கள் ஒட்டிக்கொண்டே போகும். அவை விலகுவது இரண்டாம் பிரிவில்.

வேர்நுனி வேலை எளிது. பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி வெங்காயத்தை டம்ளர் மேல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புது வேர் இறங்கும். நுனியைக் காலையில் வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் அப்போதே கலந்த கரைசலில் ஓர் இரவு போடுங்கள். நேற்றுக் கலந்ததை ஊற்றிவிடுங்கள். மறுநாள் அசிட்டோ ஆர்சினில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு சேர்த்து, கொதிக்காமல் சூடாக்கி, கவர் ஸ்லிப்பை நகரவிடாமல் நேராக அழுத்துங்கள்.

சிக்கல் ப்ரீட்ரீட்மென்டில்தான், அதாவது ஆல்கஹால் கரைசலில் போடுவதற்கு முன் வேரை ஊறவைப்பதில்தான். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலிகஞ்ச் வளாகத்தில் அருண் குமார் சர்மாவும் அவர் குழுவினரும் 1950களிலேயே பாராடைகுளோரோபென்சீன் போன்ற பொருள்களைக் குரோமோசோம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். அவரும் அர்ச்சனா சர்மாவும் சேர்ந்து எழுதிய ‘குரோமோசோம் டெக்னிக்ஸ்’ 1965இல் வந்தது. பாராடைகுளோரோபென்சீன் கரைசலில் வேரைச் சில மணி நேரம் குளிர்ச்சியில் ஊறவைத்தால் குரோமோசோம்கள் குட்டையாகித் தனித்தனியாக விரியும், எண்ணுவது சுலபம். ஆனால் அது கதிர்கோல் இழைகளைக் குலைத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறது. இழை இல்லாத செல்லில் அனாஃபேஸ் எப்படி வரும்? ஊறவைத்த வேரை வைத்துக்கொண்டு “அனாஃபேஸே கிடைக்கவில்லை” என்று புலம்புவதில் பொருளில்லை. ஊறவைக்காவிட்டால் 16ஐ எண்ண முடியாதே என்பார்கள். உண்மைதான். அதனால் இரண்டு ஸ்லைடு போடுங்கள்: ஊறவைத்தது எண்ணுவதற்கு, ஊறவைக்காதது பிரிவதைப் பார்ப்பதற்கு. இரண்டு கேள்விக்கும் ஒரே ஸ்லைடில் விடை கேட்காதீர்கள். கடையில் வாங்கும் நிரந்தர ஸ்லைடு பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராது.

மியாசிஸுக்குப் பொருள் தேடிக் கொல்கத்தாக்காரர் அலைய வேண்டாம். குளிர்காலத்தில் கரியாஹாட் சந்தையில் ‘பெயாஜ்கோலி’ என்று வெங்காயப் பூத்தண்டைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். சமையலுக்கு வாங்குகிறவர்கள் ஒதுக்கும், தலை சற்று உப்பிய முற்றல் தண்டுதான் நமக்கு வேண்டியது. தொட்டிதோறும் கிடைக்கிறதே என்று ரியோ செடியின் மொட்டைப் பறிக்காதீர்கள். அதன் 12 குரோமோசோம்களும் ஜோடியாக நிற்காமல் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொள்ளும், முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். தண்டின் தலையிலுள்ள சவ்வுறையைக் கிழித்தால் பல வயது மொட்டுகள் இருக்கும். அவற்றை அப்படியே அதே அசிட்டிக் அமில ஆல்கஹால் கரைசலில் போட்டு ஃபிக்ஸ் செய்யுங்கள், இங்கே ப்ரீட்ரீட்மென்ட் கூடவே கூடாது. மஞ்சளாகிவிட்ட மகரந்தப்பையில் மகரந்தம் ஏற்கெனவே உருவாகியிருக்கும், ஒளி ஊடுருவும் வெளிர்நிறப் பையை எடுங்கள். ஒரு மொட்டில் ஆறு பைகள் உண்டு. முதலில் ஒன்றை மட்டும் நசுக்குங்கள். ஒரு பைக்குள் இருக்கும் தாய்செல்கள் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருப்பதால் அந்த ஒன்றே விஷயத்தைச் சொல்லிவிடும். நான்கு நான்காக செல்கள் தெரிந்தால் இன்னும் சிறிய மொட்டுக்குப் போங்கள், நூல்கண்டுபோல் புரோஃபேஸ் மட்டும் தெரிந்தால் சற்றுப் பெரியதற்கு. சரியான மொட்டு அகப்பட்டதும் மீதி ஐந்து பைகளையும் பயன்படுத்தலாம்.

எண்ணிக்கையும் ஏமாற்றுமே என்று ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. மகரந்தத்தூள் உருவான பிறகு அதற்குள்ளேயே ஒரு மைட்டாசிஸ் நடக்கும், அங்கேயும் 8தான் தெரியும். மகரந்தப்பைச் சுவரின் செல்களிலோ 16 தெரியும், அதுவும் மைட்டாசிஸ்தான். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி முடிவு கட்டக்கூடாது, பிரிவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று இரண்டையும் கேட்க வேண்டும். 16 இருந்து துருவத்துக்கு 8 போனால் மியாசிஸின் முதல் பிரிவு. 8 இருந்து 8 போனால் இரண்டாம் பிரிவாகவும் இருக்கலாம், மகரந்தத்தூளின் மைட்டாசிஸாகவும் இருக்கலாம். அப்போது பக்கத்து செல்லைப் பாருங்கள். வெங்காயத்தில் முதல் பிரிவு முடிந்ததுமே நடுவில் சுவர் எழும்பிவிடும், எனவே இரண்டாம் பிரிவு செல்கள் இரண்டாக ஒட்டி நின்று ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரியும். மகரந்தத்தூள் தன் சொந்த உறைக்குள் தனியாக இருக்கும். நசுக்கும்போது அந்த ஜோடி சிதறிப்போயிருந்தால் பெயர் எழுதாமல் அடுத்த செல்லுக்கு நகர்ந்துவிடுங்கள்.