பெரிய டயருக்கு எந்த விகிதம்?

கேள்வி: என் ஜீப் ராங்ளரில் 29 அங்குல டயர்களுக்குப் பதில் 35 அங்குல டயர்கள் பொருத்தினேன். மேட்டில் வண்டி திணறுகிறது. மேல் கியர் நிற்பதே இல்லை. ஆக்ஸில் விகிதம் 3.73. இஞ்சினில் கோளாறா?

பதில்: இஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம், சக்கரத்தின் விட்டம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வளர்ந்துவிட்டபடியால், அதே வேகத்தில் இஞ்சின் முன்னிலும் குறைவாகச் சுழன்று, தன் பூரண சக்தியைத் தரும் நிலையை எட்டாமலே பாரத்தை இழுக்க நேரிடுகிறது. பழைய விகிதத்தைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுத்தால் 4.50 வரும்; விற்பனையில் உள்ளவற்றுள் அதற்கு அண்மையானது 4.56. ஆயினும் மலைப்பாதையும் பாறையுமே உங்கள் பிரியமான பிரதேசங்களானால் 4.88-ஐயே சிபாரிசு செய்வேன்; பெரிய டயர் உயரத்தோடு கனத்தையும் கொண்டுவருகிறது, அந்தக் கனம் இக்கணக்கில் சேரவில்லை.

முன், பின் ஆக்ஸில் இரண்டின் விகிதத்தையும் ஒருங்கே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், இரு ஆக்ஸில்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று டிரான்ஸ்பர் கேஸையே நாசமாக்கிவிடும். ஆக்ஸிலுக்குள் இந்த விகிதத்தைத் தரும் கிரவுன் பினியனின் பற்களுக்கிடையே விடும் இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள் அடங்குவதாகையால், இதில் கைதேர்ந்த மெக்கானிக்கிடமே வேலையை ஒப்படையுங்கள். முதல் 800 கிலோமீட்டர் பளு இழுக்காமல் நிதானமாக ஓட்டி, கியர் ஆயிலை மாற்றுங்கள்; வேகமானியையும் புதிய டயருக்கும் விகிதத்துக்கும் ஏற்பத் திருத்தச் சொல்லுங்கள்.