முதலில் சீட், கடைசியில் கலர்: ஒரு டேடோனா கூப்பே ரெப்ளிகா கற்றுத் தந்த பாடம்



இந்த வார எபிசோடில் கிட் கார் பற்றிப் பேசினோம். நேரம் போதவில்லை, அதனால் காரின் தோற்றம், இன்டீரியர் இரண்டையும் எப்படித் திட்டமிடுவது என்கிற பகுதியைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். "மீதியை நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொன்னேன் இல்லையா, இதோ. ரெண்டு வருஷமாக என் கராஜில் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிவரும் ஷெல்பி டேடோனா கூப்பே ரெப்ளிகாதான் உதாரணம். நான் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரிஜினல் எப்படிப் பிறந்தது?

1963-இல் கரோல் ஷெல்பியின் அணிக்கு ஒரு தலைவலி. அவர்களுடைய கோப்ரா ரோட்ஸ்டர் சின்ன சர்க்யூட்களில் பறக்கும். ஆனால் லீ மானின் நீண்ட நேர்பாதையில் மணிக்கு 160 மைல் பக்கம் வந்ததும் காற்றே அதை இழுத்துப் பிடித்துவிடும். ஃபெராரி 250 ஜிடிஓ அநாயாசமாகத் தாண்டிப் போகும். அதே சேஸி, அதே 4.7 லிட்டர் ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்துக்கொண்டு, மேலே மூடிய பாடி ஒன்றை வடிவமைத்தவர் பீட்டர் பிராக். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மொத்தம் 6 கார்கள்தான் கட்டினார்கள். 1964 லீ மானில் ஜிடி பிரிவில் முதலிடம். 1965-இல் ஜிடி உற்பத்தியாளர்களுக்கான சாம்பியன்ஷிப் ஃபெராரியிடமிருந்து ஷெல்பி கைக்கு வந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். பிராக் முதலில் அழகான படம் வரைந்து அதற்குள் ஆளைத் திணிக்கவில்லை. அடிபட்ட ஒரு கோப்ராவின் பாடியைக் கழற்றினார். வெறும் சேஸியில் ஒரு சீட்டையும் ஸ்டியரிங்கையும் வைத்து, டெஸ்ட் டிரைவர் கென் மைல்ஸை உட்கார வைத்தார். மரத்துண்டுகளையும் டேப்பையும் வைத்து அவரைச் சுற்றி வடிவத்தைக் கட்டினார். முதலில் முடிவானது விண்ட்ஷீல்டு. கூரை, வால், மூக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதாவது, அந்த ஸ்டைல் டிரைவரின் உடம்பிலிருந்து ஆரம்பித்தது. ரெப்ளிகா கட்டுகிற நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கலரைத்தான் முதலில் முடிவு பண்ணுகிறோம். நானும் அப்படித்தான்.

பாடம் 1: சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

கிட் வந்து சேர்வதற்கு முன்பே டான் கலர் லெதரில், டைமண்ட் தையல் போட்ட ஒரு ஜோடி சீட் வாங்கிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. பாடியை முதல்முறை சேஸி மேல் இறக்கி வைத்து உட்கார்ந்தால், தலை கூரையில் இடிக்கிறது. என் உயரம் 183 சென்டிமீட்டர். சீட்டின் அடிப்பாகம் மட்டும் 90 மில்லிமீட்டர் தடிமன். டிராக் டேக்கு ஹெல்மெட் போட வாய்ப்பே இல்லை. வாங்கின விலையில் பாதிக்குத்தான் விற்க முடிந்தது.

அதனால் என் அறிவுரை: சீட் வாங்காதீங்க, முதலில் பிளைவுட்டில் ஒரு டம்மி செய்யுங்கள். மேலே 25 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டுங்கள். அதில் உட்கார்ந்து ஐந்து விஷயங்களைப் பாருங்கள். கிளட்சை முழுசா மிதிக்க முடிகிறதா? முழங்கால் ஸ்டியரிங்கில் தட்டுகிறதா? தலைக்கு மேல் ஹெல்மெட்டுக்கு இடம் இருக்கா? ரோல் கேஜ் குழாய் தலைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது? பெல்ட் தோளில் சரியாக உட்காருகிறதா?

கடைசி இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் போகும்போது, விபத்தில் தலை போய் மோதும் தூரத்தில் இரும்புக் குழாய் இருந்தால் அந்தக் குழாயே ஆபத்து. அதற்கென்று விற்கிற கெட்டியான பேடிங் கட்டாயம் போடணும். சாதாரண பைப் ஃபோம் எல்லாம் வேலைக்கு ஆகாது. பெல்ட் மாட்டும் இடங்களை கார்பெட் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பாடம் 2: பக்கத்து சீட்டில் யார்?

இது என் லிஸ்ட்டிலேயே இல்லாத கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கராஜுக்கு வந்தார். டம்மி சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். இறங்க முடியவில்லை. கதவுக்குக் கீழே விளிம்பு அகலம், சீட் தரையோடு தரை, அவருக்கு முழங்கால் வலி வேறு. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். "பரவாயில்லப்பா, நீ ஓட்டிட்டு வா. நான் வாசல்ல நின்னு பார்க்கிறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரெண்டு சீட்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. அப்பா என்னைவிடக் குட்டை. அவர் பக்கத்து சீட்டை மட்டும் 40 மில்லிமீட்டர் உயர்த்தினேன், கேஜ் குழாயில் பிடித்து எழ ஒரு பட்டை கட்டினேன். இறங்கும்போது கால் படாமல் இருக்க சைடு எக்ஸாஸ்ட் மேல் ஒரு ஹீட் கார்டும் மாட்டினேன். அந்தச் சூட்டுக் குழாயில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்ளாத கோப்ரா ஓனர் அபூர்வம்! இப்போது அப்பா தானாக ஏறி இறங்குகிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சீட் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

பாடம் 3: சூடு, சத்தம், அதற்கப்புறம் கார்பெட்

கால் வைக்கும் பெட்டிக்கு அந்தப் பக்கமே வி8-இன் எக்ஸாஸ்ட். நடுவில் மெல்லிய அலுமினியத் தகடுதான். மூடிய கூப்பே என்பதால் சூடு வெளியே போக வழியும் இல்லை. ஒரிஜினல் காரின் டிரைவர்களும் உள்ளே வெந்துதான் போனார்கள்.

தகட்டின் மேல் அதிர்வைக் குறைக்கும் பியூட்டில் ஷீட், அதன் மேல் வெப்பத்தைத் தடுக்கும் ஃபோம், கடைசியாக கார்பெட். இதுதான் வரிசை. எஞ்சின் பக்கத்தில் வெப்பத்தைத் திருப்பும் பளபள ஷீட்டும் ஒட்டலாம். இவை சேர்ந்தால் தடிமன் கூடும், பெடலுக்கு இடம் குறையும். அதனால் இதையும் டம்மி சீட் கட்டத்திலேயே அளந்துவிடுங்கள். ஏசி வேண்டுமென்றால் அதன் பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால்தான் உட்காரும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் டாஷை முழுசாகக் கழற்ற வேண்டி வரும்.

பாடம் 4: டாஷ்போர்டை அட்டையில் வெட்டுங்கள்

டெக் ஆளுங்க நம்ம எல்லாருக்கும் பெரிய ஸ்கிரீன் மாட்டத்தான் கை அரிக்கும். 1964 வடிவத்துக்குள் 10 இன்ச் ஸ்கிரீன் ஒட்டவே ஒட்டாது. நான் வட்ட கேஜ்களை வைத்துக்கொண்டு, புளூடூத் ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். மேப் கேட்க ஃபோன் போதும்.

முதலில் அட்டையில் டாஷ் வெட்டி, கேஜ் அளவுக்கு வட்டங்கள் ஒட்டி, டிரைவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து ஃபோட்டோ எடுங்கள். என் முதல் டிசைனில் ஆயில் பிரஷர் கேஜை ஸ்டியரிங் வளையம் அப்படியே மறைத்தது. அட்டை என்பதால் ஐந்து நிமிஷத்தில் சரி பண்ணினேன். சரியானதும் டாஷ் முழுவதையும் ஒரே கனெக்டரில் கழற்றுகிற மாதிரி வயரிங் போடுங்கள். ரிப்பேர் வரும் நாளில் உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீங்க.

டாஷின் மேல்பக்கம் மட் கறுப்பாக இருக்கட்டும். சாய்ந்த விண்ட்ஷீல்டில் வெளிர் நிறம் பிரதிபலித்து, வெயிலில் ரோடே தெரியாது. என் டான் லெதர் ஆசையைக் கதவுப் பேனலோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் அட்டை வெட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். இங்கே பிரிட்டனில் கிட் கார் ரோட்டுக்கு வர ஐவிஏ டெஸ்ட் பாஸ் ஆகணும். மோதினால் காயப்படுத்தக்கூடிய கூரான விளிம்புகளை அதில் விடமாட்டார்கள். 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது வளைவு வேண்டும். அந்தக் கால ஸ்டைல் டாகிள் சுவிட்சுகள் பல பேருக்கு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாடம் 5: இப்போது கலர்

வெட்டினாற்போல் முடிகிற அந்த வால் அழகுக்காக வந்ததல்ல. 1930-களில் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் செய்த காற்றியக்க ஆய்விலிருந்து வந்தது. அந்த வடிவத்தை மறைக்கிற எதையும் நான் ஒட்டவில்லை. நீலத்தின் மேல் வெள்ளைக் கோடுகள் வழக்கமான தேர்வு. எதைத் தேர்ந்தாலும் பெயிண்டுக்கு முன் மாஸ்கிங் டேப்பில் கோடுகளை முழு அளவில் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஃபைபர்கிளாஸ் பாடி ரெண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல் ஒரே மாதிரி இருக்காது. டேப் அளவு நடுவென்று சொல்லும் இடம் சில சமயம் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். அப்போது கண் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு ஹோம்வொர்க்: நீங்கள் கட்ட நினைக்கும் கார் எதுவானாலும் ஒரு தாளில் "இதில் யார் யார் உட்காரப் போகிறார்கள்?" என்று எழுதி, பெயருக்கு எதிரே உயரத்தையும் குறித்து வையுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த எபிசோடு இன்னும் பயன்படும். அதில் வயரிங் பற்றிப் பேசுவோம். என் காருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. கலரை அப்பா தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.