பொன்னிறக் குதிரையின் தாய் என்ன நிறம்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நாவல் எழுதும் பிள்ளைகளும், அனிமேஷனுக்குப் படம் வரையும் பிள்ளைகளும் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, உத்தியோகம் முடித்து, அடையாற்றில் குடியிருப்பவன் நான். அவர்கள் கொண்டுவரும் குதிரைப் படங்கள் உண்மையிலேயே அழகாக இருக்கும். உடம்பு பொன்னாக மின்னும், பிடரி வெளுத்திருக்கும், கண் நீலமாக இருக்கும். "இதன் தாய் என்ன நிறம்?" என்று கேட்டால்தான் பதில் வராது. அந்தப் பதில் இருந்தால் உங்கள் கற்பனைக் குதிரை ஓர் இனம். இல்லாவிட்டால் பூசிய சாயம். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் உயிருள்ள குதிரையைப் பாருங்கள்.

மாலையில் மெரினாவுக்கோ எலியட்ஸ் கடற்கரைக்கோ போங்கள். சவாரிக் குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவர் குதிரையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஊரே வெள்ளைக் குதிரை என்று சொல்லும் ஒன்றின் மேல் ஒரு வாளித் தண்ணீர் விழுந்ததும் முடி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே கரும்பலகை நிறத்தில் தோல் தெரியும். மூக்கைச் சுற்றிப் பாருங்கள், இமையைப் பாருங்கள், வாலைத் தூக்கும்போது பாருங்கள். எல்லாம் கருப்பு. அது வெள்ளையாகப் பிறந்த குதிரை இல்லை. கருப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வருடா வருடம் நரைத்தது.

நோட்டில் தோலின் நிறம், கண்ணின் நிறம், பிடரியும் வாலும், முழங்காலுக்குக் கீழே என்ன என்று இந்த வரிசையில் எழுதுங்கள். உடம்பின் நிறத்தைக் கடைசியில் எழுதினால் போதும்.

2. நிறமி இரண்டுதான் என்பதை மறக்காதீர்கள்.

குதிரை முடியில் கருப்பு, சிவப்பு என இரண்டே நிறமிகள். கருப்பை உண்டாக்கும் பொறுப்பு எம்சி1ஆர் என்ற மரபணுவுடையது. தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியும் பழுதானால் முடி முழுக்கச் சிவப்பு. அது செவலை, பந்தயக்காரர்கள் செஸ்ட்நட் என்பார்கள். ஒரு பிரதி நன்றாக இருந்தாலே கருப்பு வந்துவிடும். அந்தக் கருப்பைப் பிடரி, வால், கால்கள் என்று ஓரங்களுக்கு ஒதுக்குவது அகூட்டி என்ற இன்னொரு மரபணு. அப்படி ஒதுங்கியதற்கு பே நிறம் என்று பெயர். கிண்டி ரேஸ்கோர்சில் ஓடிய தரோபிரட் குதிரைகளில் பெரும்பாலானவை பே அல்லது செஸ்ட்நட்.

செவலைக்கும் செவலைக்கும் செவலைதான் பிறக்கும். 1906இல் இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவர் தரோபிரட் வம்சாவளிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இதைக் காட்டினார். மரபுப் பண்புகள் பற்றிய மெண்டலின் விதியை ஏற்காத வெல்டன் என்ற விஞ்ஞானி அதே பதிவேட்டைப் பக்கம் பக்கமாக எண்ணி மறுக்கப் பார்த்தார்; அந்த வேலை முடியும் முன்பே, அதே வருடம் இறந்துபோனார். ஒரு குதிரைப் பதிவேட்டுக்குள் அறிவியலின் பெரிய வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. உங்கள் கதையில் இரண்டு செவலைகளுக்குக் கருங்குட்டி பிறந்தால், லாயத்துக்குள் வேறொரு பொலிகுதிரை வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தே எழுதினால் அது ஒரு நல்ல அத்தியாயம்.

3. க்ரீம் மரபணுவைக் கணக்கோடு கற்றுக்கொள்ளுங்கள்.

நிறத்தை வெளிற வைக்கும் மரபணுக்கள் பல உண்டு. முதலில் இதைப் படியுங்கள். மற்றவை தானாகப் பிடிபடும். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றம் இது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி இருந்தால் சிவப்பு நிறமி வெளிறிப் பொன்னாகும். கருப்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதனால் செவலைக்கு ஒரு பிரதி கிடைத்தால் பொன் உடம்பும் வெளுத்த பிடரியுமாகப் பாலோமினோ. பே நிறத்துக்குக் கிடைத்தால் பொன் உடம்பு, கருப்புப் பிடரி, கருப்புக் கால், அது பக்ஸ்கின். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் எந்த நிறமியும் தப்பாது. உடம்பு தந்தநிறம், தோல் இளஞ்சிவப்பு, கண் வெளிர்நீலம். செவலையில் இது கிரெமெல்லோ, பே நிறத்தில் பெர்லினோ.

ஒரு பெண் தன் நாவலில் அரசனுக்கு முழுக்க முழுக்கப் பொன்னிறக் குதிரைப்படை கொடுத்திருந்தார். "நூறு தலைமுறையாகக் கலப்பில்லாத இனம் சார்" என்றார். அது நடக்காது அம்மா என்று சொல்லி, காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். பாலோமினோவிடம் இருப்பது ஒரே பிரதி. அதைக் குட்டிக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பாலோமினோவும் பாலோமினோவும் சேர்ந்து 100 குட்டி பிறந்தால் சுமார் 50 பொன்னிறம், 25 செவலை, 25 கிரெமெல்லோ. எத்தனை தலைமுறை போனாலும் இதே கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

பிறப்பதெல்லாம் பொன்னிறமாக இருக்க ஒரு வழி இருக்கிறது. செவலையைக் கிரெமெல்லோவோடு சேர்த்தால் ஒரு குட்டிகூடத் தப்பாமல் பாலோமினோ. ஆனால் அதற்கு அரசன் இரண்டு மந்தைகளைத் தனித்தனியாக வளர்க்க வேண்டும். ஒன்று, வெயில் தாங்காத கிரெமெல்லோ மந்தை. அதற்கு நிழல் வேண்டும், கூரை வேண்டும், கவனிக்கத் தனி ஆட்கள் வேண்டும். இன்னொன்று, ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணச் செவலை மந்தை. பட்டத்துக் குதிரைகள் பிறப்பது அங்கேதான். பெட்டைக் குதிரை சினை சுமப்பது 11 மாதம், போடுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அப்படியானால் எத்தனை பெட்டைகள், எவ்வளவு மேய்ச்சல் நிலம், எவ்வளவு கொள்ளு? அந்தச் செவலை மந்தையை எதிரி இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போனால் பொன்படையின் கதி என்ன? அந்தப் பெண் கட்டம் போட்ட காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கதையின் பாதி அந்தக் கட்டத்துக்குள் இருந்தது.

4. கண்ணுக்குத் தெரியாமல் கடத்தும் குதிரையை விட்டுவிடாதீர்கள்.

கருங்குதிரையில் ஒரு க்ரீம் பிரதி ஒளிந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. கோடையில் முடி லேசாகப் பழுப்படிக்கும், அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் எல்லாக் கருங்குதிரைக்கும் அது வரும். அப்படிப்பட்ட கரும்பெட்டை ஒரு செவலையோடு சேர்ந்து திடீரெனப் பொன்குட்டி போடலாம்.

5. வெண்மைக்கு மூன்று காரணங்கள் உண்டு. எது என்று முடிவு செய்த பிறகே வரையுங்கள்.

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். முதலாவது நரை. எஸ்டிஎக்ஸ்17 மரபணுவுக்குள் ஒரு துண்டு இரட்டித்துப்போனதால் வருவது. 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒரு பிரதி போதும். பிறக்கும்போது நிறம் இருக்கும், பிறகு உதிரும். தோல் கருப்பு, கண் கருப்பு. இதற்கு ஒரு விலை உண்டு. 15 வயதைக் கடந்த நரைக் குதிரைகளில் 100க்கு 70, 80 குதிரைகளுக்குத் தோலில் கருநிறக் கட்டிகள் வருகின்றன. வாலின் அடியில், ஆசனவாயைச் சுற்றி, உதட்டில் தொட்டுப் பார்த்தால் சிறு உருண்டைகளாகத் தட்டுப்படும்.

இரண்டாவது, மேலே சொன்ன இரட்டைக் க்ரீம். பிறந்த நாளிலிருந்தே வெளுப்பு, நீலக்கண், இளஞ்சிவப்புத் தோல். சென்னைக் கத்திரி வெயிலில் அப்படி ஒரு குதிரையைக் கடற்கரை மணலில் நிறுத்தினால் மூக்கும் கண்ணோரமும் வெந்து தோல் உரியும். மணல் திருப்பியடிக்கும் ஒளியில் கண் கூசி இமை மூடும். கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று கேட்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நிறமிச் செல்லே தோலுக்கு வந்து சேராத வெண்மை. இங்கும் தோல் இளஞ்சிவப்பு. ஆனால் கண் பெரும்பாலும் கருமை. நுக்ரா என்று வடக்கே விலைபேசும் வெள்ளைக் குதிரைகளைப் பார்த்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். கண் கருமையாக இருந்தால் அது இரட்டைக் க்ரீம் இல்லை.

மகாபாரதத்தில் பாற்கடலில் பிறந்த உச்சைசிரவஸின் வால் வெள்ளையா கருப்பா என்று கத்ருவும் வினதையும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவள் மற்றவளுக்கு அடிமை. கத்ரு தன் பிள்ளைகளான பாம்புகளை வாலில் தொங்கவிட்டுக் கருப்பாகக் காட்டி ஜெயிப்பாள். வஞ்சகம் பலித்ததற்குக் காரணம், அப்படி ஒரு குதிரை இருக்கக்கூடியதுதான் என்று நான் நினைக்கிறேன். பாதி நரைத்த குதிரைக்கு உடம்பு வெளுத்த பிறகும் வால் கருத்திருப்பது உண்டு. மிக வெளிறிய பக்ஸ்கினும் தூரத்தில் வெள்ளை உடம்பு, கருவால் என்றே தெரியும். பழைய கதைகளை உருவாக்கியவர்கள் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள்.

6. டன் நிறத்தை க்ரீமோடு குழப்பாதீர்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் விற்பனைக்கு வரும். கத்தியவாரியில் டன் நிறம் சகஜம். மங்கிய உடம்பு, பிடரியிலிருந்து வால்வரை முதுகின் நடுவே ஒரு கருங்கோடு, சிலவற்றுக்குக் கால்களில் குறுக்குப் பட்டைகள். அந்தக் கோடு இருந்தால் டன். வெறும் பொன் உடம்பும் கருவாலும் என்றால் பக்ஸ்கின். 2016இல் டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவில் டன் நிறத்தின் காரணம் தெரிந்தது. டன் குதிரையின் முடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமி ஒரு பக்கம் மட்டும் திரண்டிருக்கும், மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமை வழியாக ஒளி ஊடுருவுவதால்தான் உடம்பு மங்கித் தெரிகிறது. முதுகுக்கோட்டின் முடியில் நிறமி சுற்றிலும் நிறைந்திருக்கும். மங்கோலியாவின் காட்டுக்குதிரைகள் எல்லாம் டன். ஆகவே உங்கள் உலகத்தில் மனிதர் பழக்காத குதிரை இருந்தால் அதற்கு முதலில் இந்த நிறத்தைக் கொடுங்கள். பளபளப்பெல்லாம் மனிதர் கைபட்ட பிறகு வந்ததாக இருக்கட்டும்.

7. வெள்ளிப்பிடரி வேண்டுமா, கண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

சில்வர் மரபணு கருப்பு நிறமியை மட்டும் வெளிற வைக்கும். கருங்குதிரைக்கு வெள்ளிப்பிடரி தரும். செவலையில் இருப்பதே தெரியாது. அதே மாற்றம் கண்ணிலும் கோளாறு உண்டாக்குகிறது, இரண்டு பிரதி வாங்கிய குதிரைக்கு அதிகமாக.

8. சாகும் குட்டியைப் பற்றியும் எழுதத் துணியுங்கள்.

அரபுக் குதிரைகளில் எம்ஒய்ஓ5ஏ மரபணுவின் இரண்டு பழுதான பிரதி சேர்ந்தால் குட்டி வெளிறிய ஊதாச் சாம்பலில் பிறக்கும். அவ்வளவு அழகான நிறத்தை வேறு குட்டியிடம் பார்க்க முடியாது. அந்தக் குட்டியால் எழுந்து நிற்க முடியாது, கழுத்து பின்னால் வளையும், வலிப்பு வரும், சில நாளில் போய்விடும். தாயும் தந்தையும் பார்வைக்குக் குறையே இல்லாதவை. ஊதாநிற மாயக்குதிரை வரைந்துகொண்டு வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது. மாறட்டும். நிறத்தை மட்டும் பார்த்து நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் உண்மையான பண்ணையில் இதுதான் நடக்கும்.

9. நிறம் எந்த வழியாக வந்தது என்று சொல்லுங்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் குதிரை பிறப்பதில்லை, அரேபியா, ஹோர்முஸ் பக்கமிருந்து கப்பல் கப்பலாக வருகிறது, சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப்போகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். இன்றைய தூய அரபுக் குதிரைகளில் க்ரீம் இல்லை. மத்திய ஆசியாவின் அகல்-தெக்கே இனத்தில் உண்டு. ஆகவே உங்கள் கடலோர ராஜ்யத்தில் பொன்குதிரை தோன்றினால், கடல்வழியை விட்டு மலைவழியாக ஒரு வியாபாரி வந்திருக்க வேண்டும்.

மக்களின் விருப்பமும் ஓர் இனத்தைச் செதுக்கும். மார்வாரி வளர்ப்பவர்களிடம் கருப்பு ஆகாது என்ற நம்பிக்கை பழையது. நெற்றியிலும் நான்கு காலிலும் வெள்ளை இருந்தால் விசேஷம். நம் பக்கம் சுழி பார்ப்பார்கள். உங்கள் ஊர் மக்கள் எதை ஒதுக்குவார்கள், எதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

10. புதிய மரபணு படைப்பதானால் ஒன்றே ஒன்று படையுங்கள்.

நீலக்குதிரை வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. எந்த நிறமியைத் தொடுகிறது, ஒரு பிரதியில் என்ன, இரண்டு பிரதியில் என்ன, தோலும் கண்ணும் குளம்பும் என்ன ஆகும், குதிரைக்கு அதனால் என்ன கஷ்டம் என்று எழுதி முடியுங்கள். இதில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் படம் வரைய உட்காராதீர்கள்.

11. வம்சாவளிப் பதிவேடு ஒன்று போடுங்கள்.

நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு போதும். குட்டியின் பெயர், தாய், தந்தை, பிறந்தபோது நிறம், ஐந்து வயதில் நிறம், தோல், கண், ஒளிந்திருக்கும் பிரதிகள். பொன்னிறக் குதிரையிலிருந்து தொடங்காதீர்கள். அதன் பாட்டியிலிருந்து தொடங்கி மூன்று தலைமுறை எழுதுங்கள். குட்டிக்கு எந்தப் பிரதி போனது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறம் விழவில்லை என்று மறுபடி சுண்டக் கூடாது. பிடிக்காத நிறத்தில் விழுந்த குட்டிக்கும் பெயர் வையுங்கள், அது யாரிடம் விற்கப்பட்டது என்றும் ஒரு வரி எழுதுங்கள். முடித்ததும் அந்த நோட்டோடு வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.